விளக்கறையிலிருந்து பொழுதுக்கு

வருகிற ஆனி மாதம் முந்நூறு செவ்வந்திச் செடிகளைப் பல்லடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து மண்ணில் நடப்போகிறேன். விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒருத்திக்கு இது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஏழு ஆண்டுகளாக நான் செவ்வந்தி வளர்த்து வருகிறேன். ஆனால் என் செடிகளில் போன ஆண்டு வெளியே எடுத்துப் போன பன்னிரண்டைத் தவிர வேறு எதுவும் வெயிலைப் பார்த்ததில்லை. திருப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், சாமான் போட்டு வைப்பதற்காகக் கட்டப்பட்ட ஏழடிக்கு ஐந்தடி அறை ஒன்றில்தான் அவை வேர் விட்டு, கிளைத்து, பூத்து வந்திருக்கின்றன.

அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவரோடு சேர்ந்த இரும்பு அலமாரியின் மேலே 150 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு தொங்குகின்றன. மூலையில் ஒரு சிறிய மின்விசிறி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டிகளில் மண் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து வரும் தென்னை நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, பல முறை அலசி, அதில்தான் நடுகிறேன். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து வருகிறது. அதில் உரத்தைக் கரைத்து, உப்பின் அளவை ஈ.சி. மீட்டரிலும் புளிப்பை பி.எச். மீட்டரிலும் பார்த்த பிறகே ஊற்றுவேன். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் ஒவ்வொரு நாளின் எண்ணையும் நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் தானாகவே வந்துவிட்டது.

அறையில் எல்லாவற்றையும் நடத்துவது டைமர்தான். செடி வளர வேண்டிய வாரங்களில் விளக்கு ஒரு நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் எரியும். கிளைகள் போதும் என்று எனக்குத் தோன்றும் நாளில் டைமரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாற்றி வைப்பேன். அதிலிருந்து மூன்று, நான்கு வாரங்களில் மிளகு அளவில் மொட்டு தெரியும். ஒன்பது, பத்து வாரங்களில் பூ விரியும். தை மாதமானாலும் சரி, சித்திரையானாலும் சரி, நான் நினைத்த வாரத்தில் பூக்கும். எங்கள் பக்கத்தில் சூரியனைப் ‘பொழுது’ என்றுதான் சொல்வார்கள். பொழுது கிளம்பிற்று, பொழுது உச்சிக்கு வந்தது, பொழுது சாய்ந்தது என்பார்கள். சூரியனுக்கும் காலத்துக்கும் ஒரே சொல். அந்தச் சொல்லின் இரண்டு பொருளையும் ஒரு சின்ன டைமருக்குள் அடைத்து வைத்துக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளும் நான் பூ வளர்த்திருக்கிறேன்.

வெளியே போவதற்கு மின்கட்டணம் ஒரு காரணம். 300 வாட் விளக்கு பதினெட்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 5.4 யூனிட்; இரண்டு மாதக் கணக்கில் 324 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் முதல் 100 யூனிட் இலவசம் அறையின் பசிக்கு முன்னால் எந்த மூலைக்கும் காணாது. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், ஆயுத பூஜைக்கு எங்கள் தோட்டத்து மோட்டாருக்கும் டிராக்டருக்கும் மாமா (என் மாமனார்) கடையில் வாங்கிய செவ்வந்திச் சரத்தைப் போடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான். பூ வளர்க்கத் தெரிந்த மருமகள் வீட்டில் இருக்கும்போது அந்தப் பூ தோட்டத்திலிருந்தே வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அறையிலிருந்து ஒரு முறைக்குக் கிடைப்பது இரண்டு கூடைப் பூ. அதை வைத்து வீட்டு வாசலுக்கு மட்டுமே சரம் கட்ட முடியும்.

போன ஆண்டு வைகாசியில் அந்த ஆசையின் வேகத்தில், அறையிலிருந்து பன்னிரண்டு தொட்டிகளைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டத்துச் சாளையின் (தோட்டத்து வீட்டின்) முன்னால் வரிசையாக வைத்தேன். அரையடி உயரம், நல்ல கரும்பச்சை, ஒவ்வொன்றிலும் நான்கைந்து கிளை. சனிக்கிழமை காலையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்கும்போது மேல் இலைகளில் நரம்புகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் விழுந்திருந்தன. தொட்டுப் பார்த்தால் காய்ந்த வெங்காயச் சருகு போல விரலில் ஒட்டியது, அழுத்தியதும் நொறுங்கிவிட்டது. நோயென்று நினைத்துப் பதறினேன். அத்தை வந்து பார்த்துவிட்டு, “நோவெல்லாம் இல்லைங் கண்ணு, வெயில் பட்டுப் பொசுங்கியிருக்குது” என்றார்.

செடி சாகவில்லை. அடியிலிருந்து புது இலை வந்தது. ஆனால் நான்கு வாரத்தில், முக்காலடியைக்கூட எட்டாத செடிகளின் நுனியில் மொட்டு வைத்துவிட்டது. கிளையும் இல்லை, உடம்பும் இல்லை, பூ மட்டும் வந்தது. எட்டணா நாணயம் அளவுக்கு வற்றிய பூக்கள். பதினொரு தொட்டிகள் அப்படிப் பூத்து முடிந்தன. பன்னிரண்டாவது தொட்டி மட்டும் பூக்கவே இல்லை. அதை மாட்டுக்கொட்டகையின் தூணுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஆவணியும் புரட்டாசியும் தாண்டி, அது இரண்டடிக்கு மேல் வளர்ந்து, இலையாகவே நின்றது. அதன் தலைக்கு மேல் நான்கடி உயரத்தில், இரவெல்லாம் எரியும் கொட்டகை விளக்கு இருந்தது.

அந்த ஒரு தொட்டிதான் இந்த ஆண்டுத் திட்டம் முழுவதற்கும் எனக்கு வழிகாட்டி. செவ்வந்தி நாளின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடி என்பது எனக்கு அறையிலேயே தெரியும். தெரிந்துதான் டைமரை மாற்றுகிறேன். அதே கணக்கு வானத்துக்குக் கீழேயும் நடக்கிறது என்பதை மட்டும் நான் யோசித்துப் பார்க்கவில்லை. பெரும்பாலான செவ்வந்தி ரகங்களுக்குப் பகல் சுமார் பதிமூன்றரை மணி நேரத்துக்குக் கீழே வந்தால் மொட்டு வைக்கும் எண்ணம் வந்துவிடும். பல்லடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான்; மிகக் குறுகிய பகல் பதினொன்றரை. அப்படியானால் எங்கள் ஊரின் வானம் ஆண்டு முழுவதும் செவ்வந்தியைப் பார்த்துப் ‘பூ, பூ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு மணி நேர வெளிச்சத்தில் பழகிய செடியை ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் வைப்பதும், டைமரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மாற்றுவதும் ஒன்றே.

நாளின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர். 1920-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை வருகிறது. கோடை வயலில் அது ஆளுயரம் தாண்டியும் பூக்காமல் வளர்ந்துகொண்டே போனது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் சிறிய செடியாக இருக்கும்போதே பூத்தது. கோடைச் செடியை மாலையிலேயே இருட்டறைக்குள் தள்ளிப் பகலைச் சுருக்கியபோது அதுவும் பூத்தது. பிறகு 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர், செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டை என்று கண்டார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் போதும். செடிக்கு அந்த இரவு இரண்டு சிறிய இரவுகளாக உடைந்துவிடும். கொட்டகை விளக்கு என் பன்னிரண்டாவது தொட்டிக்குச் செய்தது இதைத்தான்.

ஆகவே இந்த முறை நட்ட பிறகு மூன்று வாரங்களுக்கு இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை செடிகளின் மேல் விளக்கு எரிக்கப்போகிறேன். ஆறடிக்கு ஒன்றாக மஞ்சள் ஒளி தரும் 10 வாட் எல்.இ.டி. பல்புகள் ஆறு. செடியின் இருட்டுக் கணக்கைக் கலைப்பதில் சிவப்பு ஒளிதான் வேலை செய்கிறது. அது வெள்ளை பல்பைவிட மஞ்சள் பல்பில் கூடுதல். ஓர் இரவுக்குக் கால் யூனிட்கூட ஆகாது. மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஐந்து யூனிட். தோட்டத்தில் மோட்டாருக்கு இலவச மின்சாரம் இருக்கிறது. ஆனால் அது நீர் இறைக்கக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து விளக்குக்கு ஒயர் இழுப்பது முறையல்ல. சாளைக்கென்று பணம் கட்டும் இணைப்பு தனியாக உள்ளது, அதிலிருந்தே எடுப்பேன். என்னுடைய பழைய டைமரும் வெளியே வருகிறது. அதற்கு மழை படாத ஒரு பெட்டி மட்டும் வேண்டும்.

இதைச் சொன்னபோது மாமா நிதானமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “சத்தியமங்கலத்துப் பக்கம் பூவு வைக்கிறவங்க எல்லாரும் லைட்டுப் போட்டுத்தான் வைக்கிறாங்களா கண்ணு?” கேள்வி சரியானது. விளக்கில்லாமலே நல்ல செவ்வந்தி எடுப்பவர்கள் எத்தனையோ பேர். பூ முடிந்த தாய்ச்செடியை வெட்டிவிட்டால் அடியிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைத்தான் அவர்கள் நடுகிறார்கள். பக்கக்கன்றுக்கு ஓர் இளமைப் பருவம் இருக்கிறது. குறிப்பிட்ட அளவு இலை விடும் வரை எவ்வளவு நீண்ட இரவு வந்தாலும் அது மொட்டை நினைக்காது. வெப்பம் கூடினாலும் மொட்டு தள்ளிப்போகும். நான்காவது வாரத்தில் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் கிளையும் பிடிக்கும். என் செடிகளோ நுனித்தண்டைக் கிள்ளி வேர் பிடிக்க வைத்தவை. அந்த இளமையை அறையிலேயே கழித்து முடித்துவிட்டு வருபவை. எனவே மாமாவின் கேள்விக்கு மரியாதையாக, 150 செடிகளை விளக்குக்குக் கீழேயும், 150 பக்கக்கன்றுகளை விளக்கொளி எட்டாத அடுத்த பாத்தியிலும் வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே நாற்பதடியும், ஒரு துவரை வரிசையும் இருக்கும். கொட்டகை விளக்கை மாமா பின்பக்கத் தூணுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாளின் நீளம் ஒன்று என்றால் வெளிச்சத்தின் கனம் வேறொன்று. அறையில் என் விளக்கின் கீழே இலை மட்டத்தில் அளந்தால் 300 மைக்ரோமோல் வரும். ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் விழுகிற ஒளித்துகள்களின் கணக்கு அது. பதினெட்டு மணி நேரத்துக்கு அது 19 மோலுக்குக் கொஞ்சம் கூடுதலாகிறது (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). தெளிவான நாளில் எங்கள் ஊர் வெயில் 40 மோலைத் தொடும். மொத்தத்தில் இரண்டு மடங்குதான், அது செடியைக் கொல்லாது. ஆனால் உச்சிப்பொழுதில் வெயில் 2,000 மைக்ரோமோல் வரை ஏறிவிடுகிறது. அதாவது அறையைப் போல ஆறு, ஏழு மடங்கு. அறையில் வளர்ந்த இலை மெல்லியது. அதன் மேல் மெழுகும் குறைவு. அந்த ஏழு மடங்கைத்தான் அது தாங்காமல் வெளுத்தது. அந்த இலையை வெயிலுக்குப் பழக்குவது என்பது பாதி வேலைதான். புதிய வெளிச்சத்தில் புதிய இலை பிறக்க நேரம் கொடுப்பதுதான் மீதி. அதனால் பத்து நாள் ஒதுக்கியிருக்கிறேன். முதல் மூன்று நாள் வேப்பமரத்து நிழல். அடுத்த நான்கு நாள் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை. பிறகு காலை வெயில் மட்டும். கடைசி இரண்டு நாள் முழு வெயில், அதுவும் மேகம் இருக்கும் நாளாகப் பார்த்து. அந்த நாட்களில் தண்ணீரையும் கொஞ்சம் குறைப்பேன்.

நிழலையும் அளந்துவிட்டேன். நடப்போகும் இடத்தின் தென்வரப்பில் ஐம்பதடித் தென்னை ஐந்து நிற்கின்றன. தென்னை நிழல் செடிமேல் விழுமா என்ற சந்தேகத்துக்கு, ஒரு மீட்டர் குச்சியை நட்டு வைத்து, மாதத்துக்கு ஒரு முறை உச்சிநேரத்தில் நிழலைக் குறித்து வந்தேன். மார்கழியில் நிழல் வடக்கே எழுபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டது. அந்தக் கணக்கில் தென்னையின் நிழல் முப்பத்து நான்கடி தோட்டத்துக்குள் வருகிறது. பங்குனியில் அது சுருங்கிக்கொண்டே வருகிறது. சித்திரை முதல் வாரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது. அதன் பிறகு ஆவணி தொடக்கம் வரை பொழுது நமக்கு வடக்கே நின்று, நிழல் தெற்கே விழும். தென்வரப்புத் தென்னையின் உச்சிநேர நிழல் ஆனியிலும் ஆடியிலும் பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும். நாற்பது ஆண்டுகளாக அந்த மண்ணில் நடக்கும் மாமாவுக்கு இது தெரியாமல் இல்லை. “ஆனியில வாய்க்காமேட்டுல நிழலே நிக்காது” என்று அவர் எப்போதோ சொன்னதைத்தான் நான் குச்சி வைத்து அளந்திருக்கிறேன். புரட்டாசி முதல் வாரத்தில் நிழல் பத்தடி உள்ளே வரும்; மாதக் கடைசியில் ஏறக்குறைய பதினெட்டடி. அதனால் பாத்தியை வரப்பிலிருந்து இருபதடி தள்ளிப் போடுகிறோம். தென்னை வேரின் தொந்தரவும் இருக்காது.

அடுத்தது காற்று. அறையில் எனக்குக் காற்று என்றால் மின்விசிறியில் ஒன்று, இரண்டு என்று இருக்கும் எண்கள். பல்லடத்தில் ஆனி, ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிட்டதென்று பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையில் அங்கே இருக்கும் பெரிய இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு வரும். அதை நம்பித்தான் உடுமலைப்பேட்டை, பல்லடம் வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வருவதால், எங்களுக்கு வருவது பெரும்பாலும் காய்ந்த காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே வெறும் பேச்சல்ல. சாளையின் தகரக்கூரை இரண்டு முறை போய்விட்டது. செவ்வந்தியின் கிளை கணுவில் படக்கென்று முறியக்கூடியது. முறியாவிட்டாலும் காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும்.

சுவர் போல அடைத்து மறைத்தால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். அதைவிடப் பாதிக் காற்றை உள்ளே விடுகிற பச்சை வேலி நல்லது. மேற்கிலும் தென்மேற்கிலும் நான்கு வரிசை தீவனச் சோளத்தைச் சித்திரைக் கடைசியில் விதைக்கிறோம். ஆடிக்காற்று வருவதற்குள் அது ஆறடியை எட்டும். அதன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம், அதாவது அறுபதடி வரை, காற்றின் வேகம் தணியும். கதிர் பிடிக்கும் முன்னே தட்டையை மேல்பாதி அறுத்து மாட்டுக்குப் போட வேண்டும். கதிர் விட்டால் மயில் வந்துவிடும். மயிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மண்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அறையில் நான் மண்ணையே தொட்டதில்லை. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் மண் மாதிரி எடுத்தோம். மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ‘வி’ வடிவத்தில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, அந்த வெட்டின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாக ஒரு விரற்கடை கனத்துக்குச் சீவ வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பன்னிரண்டு இடத்தில் எடுத்தோம். எல்லாவற்றையும் சாக்கின் மேல் கொட்டிக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, மறுபடியும் கலந்து, மறுபடியும் பகுத்து, அரைக்கிலோ வரும் வரை செய்தோம். மேலே செம்மண், அரையடிக்குக் கீழே வெளுத்துப்போன சுக்கான்கல் கலந்த மண். அந்தக் கல்லொன்றை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றினேன். சோடாவைத் திறந்தது போலச் சுர்ரென்று நுரைத்தது, சுண்ணாம்பு. மாமா கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோய் அந்தச் சத்தத்தைக் கேட்டார். “இத்தனை வருசம் இதுக்கு மேலதான் வெள்ளாமை பண்ணியிருக்கறமா” என்றார்.

பரிசோதனையில் பி.எச். 8.2 என்று வந்தது. செவ்வந்திக்கு ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருப்பதே உகந்தது. தண்ணீர் வடியும் செம்மண்ணாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. கொழுந்து இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக மாறும். ஒரு தோட்டத்து மண்ணின் இயல்பை ஒரே பருவத்தில் மாற்ற முடியாது. நான் முயலவும் போவதில்லை. வேர் போகும் ஓரடியை மட்டும் மேலே உயர்த்திக் கட்டுகிறோம். ஒரு சென்ட் இடத்தில் ஓரடி உயர மேட்டுப்பாத்திகள். மேல்மண்ணோடு மட்கிய தொழுவுரமும், ஏழு ஆண்டுகளாக என் அறையில் சேர்ந்து, மொட்டைமாடியில் மூட்டையாகக் கிடக்கும் பழைய தென்னை நார்க்கழிவை மட்க வைத்ததும் சேரும். மேட்டுப்பாத்தியால் தண்ணீர் வடியும். செவ்வந்திக்கு வேரழுகல் வருவது பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதால்தான். கொழுந்து மஞ்சளித்தால் அரை சதவீத இரும்பு சல்பேட் கரைசலை இலையில் தெளித்துக்கொள்ளலாம். பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணைகள் நிறைய இருப்பதால் கோழி எரு வண்டி வண்டியாகக் கிடைக்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒரு டிராக்டர் இறக்கித் தருவதாகச் சொன்னார். பச்சைக் கோழி எருவின் சூடும் உப்பும் இந்த இளஞ்செடிக்கு ஆகாது என்று வேண்டாமென்றுவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தண்ணீரில் இதைவிடச் சிக்கல். ஈ.சி. மீட்டரைத் தோட்டத்துக்கு எடுத்துப் போய் அளந்தேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 2.1, திறந்த கிணற்றில் 1.2. அறையில் உரத்தையும் சேர்த்துக் கரைத்த பிறகே நான் 1.6-ஐத் தாண்டுவதில்லை. ஆழ்துளைத் தண்ணீரில் சொட்டு நீர் விட்டால், காற்றும் வெயிலும் நீரை எடுத்துக்கொண்டு உப்பை மட்டும் வேரடியில் விட்டுப் போகும். எனவே பூவுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் முறை வரும்போது அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விட்டு வைத்தால் உப்பு இன்னும் இறங்கும். மாமா கிணற்றை அப்படிப் பழக்குவதை முன்பிருந்தே செய்கிறார்; காரணம் கேட்டால், “தண்ணி இனிக்கோணும்ல” என்பார். வாரத்துக்கு ஒரு முறை சொட்டு நீரைக் கூடுதலாக ஓட்டி உப்பைக் கீழே இறக்கிவிட வேண்டும். சோளத்தட்டையை மூடாக்காகப் போட்டால் மண் காய்வது குறையும்.

பூச்சிகளை நான் அறையில் பெரிதாகப் பார்த்ததே இல்லை. ஒரு முறை அசுவினி வந்தது, கையாலே துடைத்துவிட்டேன். வெளியே அசுவினி, இலைப்பேன், மழை வந்தால் இலைப்புள்ளி என்று எல்லாம் வரும். நீல ஒட்டுப்பொறியும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் நட்ட அன்றே கட்டிவிடுவேன். ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலை அத்தை தயாரித்துத் தருவார். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பஞ்சகவ்யத்தை விவசாயிகளிடம் பரப்பிய காலத்திலிருந்தே மாமா அதை விடாமல் செய்கிறவர். மூன்று சதவீதக் கரைசலைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தெளிக்க ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

மயில்தான் உண்மையான கவலை. எங்கள் பக்கம் இன்று மயில் இறங்காத தோட்டமே இல்லை. கிளறிப் போட்ட மேட்டுப்பாத்தி அதற்கு மிகப் பிடிக்கும். கொழுந்தைக் கொத்தும், மண்ணைச் சீய்த்து மண்குளியல் போடும், ஒரு காலையில் ஐம்பது கன்று போய்விடும். அது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அதற்குக் கெடுதல் செய்ய எங்களுக்கு மனம் வராது. முருகனைக் கும்பிடுகிற வீடு. பாத்தியைச் சுற்றிலும் மேலேயும் பறவை வலை கட்டுவது ஒன்றே வழி. விளக்குக்காக நடும் கம்பங்களே வலைக்கும் ஆகும்படி எட்டடி உயரத்தில் ஊன்றப்போகிறோம்.

நாள் கணக்கு இப்படி வருகிறது. அறையில் இப்போது பதினெட்டு மணி நேர வெளிச்சத்தில் இருபது தாய்ச்செடிகள் நிற்கின்றன. சித்திரைப் பாதியில் அவற்றிலிருந்து ஏழு சென்டிமீட்டர் நுனித்தண்டுகளாக இருநூறைக் கிள்ளி, இரண்டு குழித்தட்டுகளிலும் மீதியைச் சிறிய பைகளிலும் வேர் பிடிக்க வைப்பேன். பதினைந்திலிருந்து இருபது நாள் ஆகும். வைகாசி முழுக்க அறை வெளிச்சத்தில் வளர்ந்து, ஒரு முறை கொழுந்து கிள்ளப்பட்டு, கடைசிப் பத்து நாள் வேப்பமரத்தடிக்குப் போகும். அவற்றில் நன்றாகத் தேறிய 150 செடிகள் ஆனி முதல் வாரத்தில் ஓரடிக்கு ஓரடி இடைவெளியில் மண்ணுக்குப் போகும். மூன்று வாரம் இரவு விளக்கு. ஆனிக் கடைசியில் விளக்கை நிறுத்தினால், ஒன்பது, பத்து வாரத்தில், புரட்டாசியில் பூ வர வேண்டும். ஆடி, ஆவணியில் இரவுப் புழுக்கம் கூடினால் ஒரு வாரம் தள்ளலாம். எங்களுக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான்; மழைத்தண்ணீர் விரிந்த பூவின் நடுவில் தேங்கினால் ஒரே நாளில் பழுப்பேறும். ஆகவே அதற்கு முன் பறித்துவிட வேண்டும். பட்டம் தப்பினால் நட்டம் என்பதை மாமா நூறு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்; டைமர் வைத்திருந்த காலத்தில் அது எனக்கு உறைத்ததே இல்லை. இப்போது நோட்டில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்திலேயே தமிழ் மாதத்தையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

நேற்று மாலை கம்பம் ஊன்றும் குழிகளுக்கு அடையாளம் வைக்கப் போயிருந்தோம். மாமா கயிற்றை ஒரு முனையில் பிடிக்க, நான் மறுமுனையில் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். மேற்கே காற்றாலைகளுக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஆறாவது புள்ளி வைத்ததும் மாமா, “ஒரு கம்பத்தைக் கிழக்கால தள்ளு கண்ணு, சோளம் வளர்ந்தா இந்த இடத்துல சாயங்கால வெயில் நாலரைக்கே போயிரும்” என்றார். கயிற்றை அவிழ்த்து மூன்றடி கிழக்கே தள்ளிக் கட்டினோம்.